ஒன்பது கேள்விக்கும் சைபர் போட்ட பையன்கள்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் துறையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மனநலக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் மாணவிகளின் மதிப்பெண் பையன்களைவிடத் தெளிவாகக் கூடுதல், அதாவது மனச்சோர்வு அவர்களுக்குத்தான் அதிகம். கடைசி வரிசைப் பையன்கள் மூன்று பேர் ஒன்பது கேள்விக்கும் சைபர் போட்டுவிட்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டார்களாம். துறைக் கூட்டத்தில் ஒரு மூத்த ஆசிரியர், "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மனசு இளகினது சார், அவ்வளவுதான். பசங்க கல்லு மாதிரி இருக்கானுங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். அது சரிதானா, சரியென்றால் வாரத்தில் கிடைக்கிற இரண்டு மணி நேர ஆலோசனையை மாணவிகளுக்கே ஒதுக்கிவிடலாமா என்பது கேள்வி.

இரண்டும் சரியில்லை. நான் சமூகப்பணி பாடம் நடத்தியவன். பாடம் போக மிச்ச நேரமெல்லாம் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கல்லூரி ஆலோசனை அறைகளில் உட்கார்ந்திருந்தவன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்பில் வந்த கணக்கு உலகம் முழுக்க வருகிற கணக்குதான். மனச்சோர்வு நோய் ஆண்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்களுக்கு வருகிறது. 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 90க்கும் மேற்பட்ட நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வயதுக் கணக்கை. 12 வயதை ஒட்டி இந்த வித்தியாசம் தலைகாட்டுகிறது. 13 முதல் 15 வயதுக்குள் மூன்று மடங்கு வரை போய், அப்புறம் இறங்கி, இரண்டு மடங்கை ஒட்டி நிற்கிறது. அப்படியானால் 17 வயதில் உங்கள் வகுப்புக்கு வந்து உட்காரும் பெண் நாலைந்து வருடமாக எதையோ சுமந்துகொண்டுதான் வருகிறாள்.

அந்த வயதில் என்ன நடக்கிறது? உடம்பு மாறுகிறது, ஹார்மோன் மாறுகிறது. அதை மறுப்பதற்கில்லை. கூடவே வீடும் மாறுகிறது. போன மாதம் வரை அரசலாற்றுப் படித்துறையில் அண்ணனோடு குதித்துக் குளித்தவளுக்கு, தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துச் சடங்கு சுற்றிய மறுநாளிலிருந்து வாசலில் நின்றால் ஏன் நிற்கிறாய் என்ற கேள்வி வருகிறது. ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டு, அப்புறம் ஒளிந்துகொள் என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம். ஹார்மோன் எவ்வளவு, வீடு எவ்வளவு என்று பிரித்துத் தர யாராலும் முடியாது. ஆனால் "மனசு இளகினது" என்ற விளக்கத்தில் வீடு மொத்தமாகக் காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 12 மாநிலங்களில் ஒன்றாகத் தமிழ்நாடும் இருந்தது. அதில் மொத்த மனநலக் கோளாறு ஆண்களிடம் 13.9 சதவீதம், பெண்களிடம் 7.5 சதவீதம். அப்படியே தலைகீழ்! காரணம், குடிப்பழக்கம் சார்ந்த கோளாறுகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. சோர்வு, பதற்றம் இவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தால் மறுபடியும் பெண்கள் பக்கம் கூடிவிடுகிறது. எதைக் கேட்கிறோம் என்பதை மாற்றினால் யார் கல்லு, யார் இளகின மனசு என்பதும் மாறிவிடுகிறது.

சரி, உங்கள் கேள்வித்தாளுக்கு வருவோம். ஒன்பது கேள்வி என்றால் அநேகமாக மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 ஆகத்தான் இருக்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை போடச் சொல்லும். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது வழக்கம். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது எதைக் கேட்கிறது என்று பாருங்கள்: எதிலும் ஆர்வமில்லாமை, மனம் தளர்வது, தூக்கம், களைப்பு, பசி, நான் உதவாதவன் என்ற நினைப்பு, கவனம், உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் அலைவது, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம். எரிச்சல் வருகிறதா, யாரையாவது அடித்தாயா, வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறாய், பைக்கை எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறாய், ராத்திரி மூன்று மணி வரை போனில் எவ்வளவு பணம் தோற்றாய் என்று அது கேட்பதில்லை. பையன்களின் துயரம் பெரும்பாலும் இந்தக் கேட்காத பக்கத்தில்தான் கிடக்கிறது.

வார்த்தையும் ஒரு சிக்கல். "மனச்சோர்வாக உணர்ந்தீர்களா" என்று அச்சடித்திருப்பார்கள். இருபது வயதுப் பையன் எவனும் அந்த வார்த்தையைப் பேசி நான் கேட்டதில்லை. "கடுப்பா இருக்கு சார்", "வெறுத்துப் போச்சு", "மூட் அவுட்" என்பான். பெண்பிள்ளைகள் "ஒரு மாதிரியா இருக்கு மேம்", "படபடன்னு வருது", "சும்மாவே அழுகையா வருது" என்பார்கள். பின்னது அச்சடித்த கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னது எங்கோ தள்ளி நிற்கிறது. ஒருமுறை வாய்மொழியாகக் கேட்கும்போது "கடுப்பு" என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தேன். தாளில் சைபர் போட்ட அதே பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்றேன். மூன்று. காலையில் சாப்பாடு? ஒரு டீ, ஒரு பன். எத்தனை நாளாக? "தீபாவளிலேருந்து சார்." அப்போது பிப்ரவரி.

அப்புறம் எழுதிய இடம். ஒரே பெஞ்சில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து, "மச்சான் உனக்கு எத்தன?" என்று எட்டிப் பார்க்கிற வகுப்பில் எந்தப் பையன் 3 போடுவான்? போட்டால் மறுநாளிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர் வந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் கொஞ்சம் குறைவு. கஷ்டம் என்று சொன்னால் பக்கத்துத் தோழி தலையைத் தடவிக் கொடுப்பாள். அவர்களின் மதிப்பெண் கூடுதலாக வந்ததில் இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நான் முன்னே சொன்ன தொகுப்பாய்விலேயே, ஆண் பெண் சமத்துவம் கூடுதலாக உள்ள நாடுகளில்தான் தீவிர மனச்சோர்வில் இந்த இடைவெளி பெரிதாக வந்தது. ஆய்வாளர்கள் அதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். வாய் திறந்து சொல்ல முடிகிற இடத்தில் எண்ணும் கூடும் என்பது என் ஊகம்.

அதற்காக மாணவிகளின் எண்ணிக்கை வெறும் சொல்லுகிற பழக்கத்தால் வந்தது என்று தள்ளிவிடாதீர்கள். பாரம் நிஜம்.

பாபநாசத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்குப் படிக்க வரும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்க வேண்டும், தம்பிக்கு டிபன் கட்ட வேண்டும், ஏழரை டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. இவை இரண்டும் எத்தனை பெண்களைப் படிப்பில் நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதை நான் நேரில் பார்த்தேன். பணம் இல்லை, நின்றுவிடு என்று சொல்ல வீட்டுக்கு இருந்த ஒரு சாக்கு போனது. (பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டில்தான் வந்தது.) ஆனால் பஸ் இலவசம் என்பதால் பஸ்ஸில் நடப்பது மாறிவிடாது. நெரிசலில் இடிப்பவனைத் தினமும் சகித்துக்கொண்டு வருபவள் அதை வீட்டில் சொல்ல மாட்டாள். சொன்னால் முதலில் நிற்பது அவள் படிப்புதான். சாயங்காலம் திரும்பினால் பாத்திரம் காத்திருக்கும். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டுவேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி. அப்படிச் செய்கிறவர்களே ஆண்களில் நாலில் ஒரு பங்குதான்.

இவ்வளவுக்கும், கல்லூரி அவளுக்கு நிம்மதியான இடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விடுமுறை முடிந்து வரும்போது பையன்கள் சோம்பல் முறிப்பார்கள். பெண்பிள்ளைகள் சிலர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்த மாதிரி இருப்பார்கள். என்னிடம் வந்த மாணவிகளில் பாதிப் பேருக்குக் கவலை கல்லூரிக்கு உள்ளே நடப்பதைப் பற்றியில்லை, கல்லூரி முடிந்த பிறகு நடக்கப்போவதைப் பற்றியது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். டெல்டாவில் சம்பா அறுவடையாகிக் கையில் கொஞ்சம் காசு புரள்வது தையிலும் மாசியிலும்தான், ஜாதகத்தைக் கையில் எடுப்பதும் அப்போதுதான். இறுதியாண்டுப் பெண் ஒருத்தி ஜனவரிக்குப் பிறகு திடீரென்று தலைவலி, வயிற்றுவலி, மயக்கம் என்று வர ஆரம்பித்தால் நான் முதலில் கேட்பது பரீட்சையைப் பற்றி இல்லை. "வீட்டுல யாராவது பாக்க வராங்களாம்மா?" என்பேன். பல முறை அந்த ஒரு கேள்விக்கே கண் கலங்கியிருக்கிறது.

அந்த மயக்கம் மனசால் மட்டும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். களைப்பு, கவனமின்மை, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் இரத்தசோகையிலும் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும். பி.எச்.க்யூ-9இல் நாலைந்து மதிப்பெண்ணை அதுவே வாங்கிக் கொடுத்துவிடும். ஆலோசகரிடம் அனுப்புகிற அதே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு, "இப்ப பரவால்ல சார், பாடம் ஏறுது" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. என் ஆலோசனைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இன்னொன்று, மனதில் போட்டு அரைப்பது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதை ஆராய்ந்தவர். வருத்தம் வந்தால் பெண்கள் அதையே திரும்பத் திரும்ப நினைத்து அலசுவதும், ஆண்கள் கவனத்தை வேறு எதிலாவது திருப்புவதும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்றார். எனக்கு இதில் பாதி உடன்பாடு. கவனத்தைத் திருப்பப் பையனுக்கு மைதானம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்குப் பெரிய கோயில் புல்தரையை ஒட்டிய ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்க முடிகிறது. ஆறரைக்கு விடுதிக் கதவு பூட்டப்பட்டவளுக்கு அரைப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

பையன்களுக்கு வருவோம். பெண்பிள்ளையின் கஷ்டம் உங்கள் கேள்வித்தாளில் தெரிந்தது. பையனுடையது வருகைப் பதிவேட்டில் தெரியும். சோர்ந்த பையன் அழுதுகொண்டு உங்கள் அறைக்கு வர மாட்டான். முதலில் முதல் பீரியடுக்கு வராமல் இருப்பான், அப்புறம் திங்கள்கிழமை வர மாட்டான், அப்புறம் அரியர் ஏறும், வகுப்பில் ஒரு தகராறு நடக்கும், ஒருநாள் டாஸ்மாக் வாசலில் யாராவது பார்த்ததாகச் சொல்வார்கள். நாம் அதற்கு "ஒழுங்கீனம்" என்று பெயர் வைத்து அப்பாவைக் கூட்டிவரச் சொல்வோம். அப்பா வந்து எல்லார் முன்னாலும் ஒரு அறை விடுவார். சிகிச்சை முடிந்தது.

இதே கும்பகோணத்தில் 1905இல் அரசு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தான். யாரிடமும் சொல்லவில்லை. ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். வீட்டார் தேடித் தவித்தார்கள். பெயர் சீனிவாச ராமானுஜன். அவரை மேதை என்று சிலை வைத்துக் கொண்டாடுகிறோம். சொல்லாமல் ஓடிப்போன அந்தப் பதினேழு வயதுப் பையனைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. ஓடுவது, காணாமல் போவது, போனை அணைத்துவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் ஏதோ ஒரு கடையில் நிற்பது, இதெல்லாம் பையன்கள் துயரத்தைச் சொல்லும் பாஷை.

பின்னணியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பணம், அதிலும் வயல் பணம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருபது முப்பது வருடத் தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அடுத்த செமஸ்டரில் அந்தப் பக்கத்துப் பையன்கள் சிலர் வகுப்புக்கு வரவில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்றார்கள். உண்மையில் மரம் அறுக்கும் கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவில் மழை இறங்கியபோதும் இதே கதைதான். நெல் ஈரமாகக் கொள்முதல் நிலையத்தில் கிடக்கும், அப்பா அதன் பக்கத்திலேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார், பையன் கல்லூரியில் கட்டணத்துக்குத் தவணை கேட்க வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவான். பெண்ணுக்கு ஜாதகம் வெளியே போகும் அதே தை மாதம் இவனுக்கு வீட்டுக் கடன் கணக்கு வரும் மாதம். "நீதான்டா தலையெடுக்கணும்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. பாசமாகத்தான் சொல்கிறாள். 19 வயதில் அது எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியாது.

அக்கா கல்யாணக் கடனை அடைக்கத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டும் என்பது முதலாண்டிலேயே முடிவாகிவிட்ட பையன்களும் உண்டு. அவர்களிடம் உன் எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். காதலும் இதில் வரும். பெண்பிள்ளைக்குக் காதல் தெரிந்தால் படிப்பு நிற்கும், கல்யாணம் நடக்கும். பையனுக்கு, சாதி வேறாக இருந்தால், உயிர்ப்பயமே வரும். இருவருக்கும் அந்தப் பயத்தைச் சொல்ல ஒரு இடம் கிடையாது. காதல் தோல்வி என்று நண்பர்கள் பாட்டுப் போட்டுக் குடிக்க வைப்பதோடு அவனுடைய ஆலோசனை முடிந்துவிடும்.

இனி கொஞ்சம் கனமான விஷயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். உலக அளவில் முயற்சி செய்வது பெண்களில் கூடுதல், இறப்பது ஆண்களில் இரண்டு மடங்குக்கும் மேல். கல் மாதிரி இருக்கிறார்கள் என்று சொன்ன உங்கள் மூத்த ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் இந்தியாவில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2016இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 சதவீதம் பேர் நம் நாட்டவர். மற்ற நாடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் இடைவெளி இங்கே சுருங்குகிறது, அதற்குக் காரணம் பெண்களின் இறப்பு கூடுவது. இளவயதுத் திருமணம், வீட்டு வன்முறை என்று சமூகக் காரணங்கள் பல. விவசாய ஊர்களில் இன்னொரு காரணம் திண்ணையிலேயே இருக்கிறது, வயலுக்கு வாங்கி வைத்த மருந்து. இளைஞர்களிடம் அந்த எண்ணம் பல நேரம் சில நிமிட, சில மணி நேர ஆவேசம். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை. கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு இலங்கையில் தற்கொலை இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மருந்தைப் பூட்டி வையுங்கள், சாவி பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். ரிசல்ட் வரும் வாரத்தில் கட்டாயம்.

கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. கேட்டதும் பெரும்பாலும் தோள் இறங்கும். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைப்பவர்களுக்கும் சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

இதையெல்லாம் ஆண், பெண் என்று இரண்டு கட்டமாகவே எழுதிக்கொண்டு போகிறேன். உங்கள் கேள்வித்தாளிலும் இரண்டு கட்டம்தான் இருந்திருக்கும். திருநங்கை, திருநம்பி மாணவர்கள் அந்தத் தாளில் எங்கே டிக் போடுவார்கள்? 2008லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. இருந்தும் கழிப்பறையிலிருந்து விடுதி அறை வரை ஒவ்வொரு நாளும் கேள்வியாக நிற்கும் அவர்களின் பாரம் இந்த இரண்டு பேரைவிடவும் கூடுதல். பலர் இரண்டாம் ஆண்டுக்கு வருவதே இல்லை. அதனால் கணக்கிலும் வருவதில்லை.

சரி, இனி உங்கள் துறையில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றே அந்தத் தாள்களை எடுத்து ஒன்பதாவது கேள்வியை மட்டும் பாருங்கள். மொத்தம் 4 ஆக இருந்தாலும் சரி, அந்த ஒன்றில் சைபர் இல்லாமல் வேறு எது இருந்தாலும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பெயர் எழுதாமல் வாங்கியிருந்தால் அடுத்த முறை இப்படி வாங்காதீர்கள். யாரோ ஒருவர் சாக நினைக்கிறார் என்பது மட்டும் தெரிந்து, அது யார் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட மோசமான நிலை எதுவும் இல்லை.

இரண்டு மணி நேரத்தைப் பங்கு போடுவது பற்றி. மாணவிகளுக்குத் தேவை அப்பாவின் கையெழுத்து இல்லாமல் நுழையக்கூடிய ஒரு கதவு. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆலோசகர் நல்ல எண்ணத்தில்தான் ஒரு மாணவியின் காதல் விவகாரத்தை வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். அடுத்த திங்கள் அந்தப் பெண் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்த வருடம் முழுக்க வேறு எந்த மாணவியும் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே ரகசியத்தை உடைக்கலாம். இதை முதல் நாளே, அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட வேண்டும். அறை முதல்வர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கவும் கூடாது.

பையன்களுக்கு அறையே வேண்டாம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணைப் பார்த்து மனசைத் திற என்றால் அவன் திறக்க மாட்டான். பக்கத்தில் நின்று ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பேசுவான். என்.எஸ்.எஸ். முகாமில் வாய்க்கால் தூர்வாரும்போது, கபடி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, கேன்டீனில் ஒரு டீயோடு. என் அனுபவத்தில் நல்ல ஆலோசகர்களாக இருந்தவர்கள் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களும் ஒரு ஆய்வக உதவியாளரும்தான். அவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து, யாரை எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்று சொல்லிக் கொடுங்கள். பையனுக்கு வந்திருப்பது தெய்வக் குற்றம் என்று வீட்டார் நம்பி, மனநோய் தீர வேண்டிப் போகும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போக நினைத்தால் தடுக்காதீர்கள். சண்டை போட்டால் அவர்களையும் இழப்போம். போய்விட்டு வரும் வழியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒரு சீட்டும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

நிர்வாகம் ஆலோசகருக்குப் பணம் இல்லை என்று சொன்னால், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களைக் காட்டுங்கள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஒரு ஆலோசகராவது, உளவியலாளராவது, சமூகப்பணியாளராவது இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதுவரைக்கும் 14416 என்ற எண்ணை வகுப்புப் பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். டெலி-மானஸ், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கல்லூரியில் இல்லை.

அப்புறம் அந்த மூன்று பையன்கள். அவர்கள் போட்ட சைபரை நம்பவும் வேண்டாம், பொய் என்று சந்தேகப்படவும் வேண்டாம். மூவரில் இரண்டு பேர் நிஜமாகவே நன்றாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டையும் போன செமஸ்டர் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்காவது நவம்பரிலிருந்து கோடு சரிந்திருந்தால் நாளைக்குக் கேன்டீனில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி பக்கத்தில் போய் நில்லுங்கள். ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "என்ன தம்பி, வீட்டுல அறுப்பு முடிஞ்சுதா, நெல்லு போட்டாச்சா?" என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.